ஏற்காடு ஏறும் காருக்குத் தண்ணீரா, கூலண்டா?

ஏற்காட்டின் மார்கழிக் குளிரிலும் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துபோனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியிருக்க, உறையாமல் காப்பதற்கென்றே பெயர் வாங்கிய ஆன்டிஃபிரீஸை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டை, சேலத்துக் காரில் எதற்கு ஊற்ற வேண்டும் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. நம் ஊரில் அதன் வேலை வேறு. தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவதும், இன்ஜினுக்குள் துருவும் உப்பும் சேராமல் தடுப்பதுமே நமக்கு அது செய்யும் உபகாரம். எனவே வெறும் தண்ணீர், நாமே கலக்கும் அடர் கூலண்ட், கலந்தே விற்கப்படும் கூலண்ட் ஆகிய மூன்றையும் இந்த மலைப்பாதையையும் இந்த ஊர்த் தண்ணீரையும் மனத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் தண்ணீரின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடலாம். வெப்பத்தை ஏந்திச் செல்லும் திறனில் கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால் கலந்த எந்தக் கலவையையும்விடத் தூய தண்ணீரே மேலானது. வார்ப்பிரும்பு இன்ஜினும் செம்பு, பித்தளை ரேடியேட்டரும் கொண்ட அம்பாசடர் கார்களில் வெறும் தண்ணீரை ஊற்றியே பலர் பல ஆண்டுகள் மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆனால் இன்றைய கார்களில் இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியத்தால் ஆனவை. இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்திருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். வெறும் தண்ணீரில் அதைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை.

அதிலும் நம் ஊர்த் தண்ணீர் தூய தண்ணீர் அன்று. மலை அடிவாரத்தில் வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட்டை வெட்டியெடுக்கும் ஊர் இது. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் பொறுக்கு கட்டுவதைச் சேலத்தில் பார்க்காத வீடு இல்லை. அதே பொறுக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், ஐந்து பேருடன் ஏசி போட்டுக்கொண்டு ஏறியபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கீழே வந்து பிரித்துப் பார்த்தபோது சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டின் வாயைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு படிவம். அதன் நடுவிலிருந்த வால்வு பாதிதான் திறந்தது. வடிகால் திருகைத் தளர்த்தியதும் வடிந்த தண்ணீர் செம்மண் குட்டைத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. முந்தைய சர்வீஸில் கூலண்ட் குறைந்திருந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மலைக்கு மேலே இன்னொரு சிக்கல் சேர்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், காற்றழுத்தம் குறைவதால், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினின் தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்து வேலை செய்யும் வெப்பம் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியிருந்தும் கார்கள் கொதிக்காமல் ஏறுவதற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி. அதிலுள்ள ஸ்பிரிங், உள்ளே கிட்டத்தட்ட ஒரு பார் அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை இருபது டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தக் காப்பு போய்விடும். தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கலவையோ, மூடியின் உதவி இல்லாமலே சமவெளியில் 107 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். இரண்டாம் கியரில், எதிர்க்காற்று குறைவாக, இன்ஜின் முழுச் சுமையுடன் இழுக்கும்போது கைகொடுப்பது இந்த இடைவெளிதான்.

அடர் கூலண்டா, கலந்து வருவதா என்பது அடுத்த கேள்வி. லிட்டர் கணக்குப் பார்த்தால் அடர் கூலண்ட் சிக்கனமானது. ஆனால் அதன் முழுப் பயனும் நாம் சேர்க்கும் தண்ணீரைப் பொறுத்தது. டிஸ்டில்டு வாட்டர் சேர்ப்பவருக்கு அது நல்ல தேர்வு. போர் தண்ணீர் சேர்ப்பவருக்கு அது வீண் செலவு. ஜப்பானியக் கார்களுக்கான கூலண்டுகள் பலவற்றில் அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பேட் உண்டு. கடினநீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்தால் அது வெண்படிவமாக இறங்கிவிடும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்ததற்குக் கடினநீரே காரணம் என்றால், சேலத்தில் இருப்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! அடர் கூலண்டை அப்படியே ஊற்றினால் இன்னும் பலம் என்று நினைப்பதும் தவறு. தண்ணீர் கலக்காத கிளைக்கால் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது. அதை நிரப்பிய கார் மலையில் முன்பைவிட விரைவாகச் சூடேறும். கலந்து வரும் கூலண்டில் இந்தக் கணக்குகள் எதுவும் இல்லை. விலை சற்றுக் கூடினாலும், ஒர்க் ஷாப் பையன் கையில் எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் ஊற்றிவிடுவானோ என்ற கவலை நமக்கு வேண்டாம்.

நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. பச்சை என்றால் பழைய வகை, சிவப்பு என்றால் நீண்டகால வகை என்று கடைகளில் சொல்வதுண்டு. ஆனால் நிறம் சேர்க்கப்பட்ட சாயம் மட்டுமே. நிறத்துக்குப் பொதுவான தரவிதி கிடையாது. அரிப்பைத் தடுக்கக் கனிம உப்புகள் சேர்த்த பழைய வகை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வலுவிழக்கும். அதற்குக் கரிம அமிலங்கள் சேர்த்த நீண்டகால வகை ஐந்து ஆண்டுகள் வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் நீண்டகால வகையின் ஆயுளும் சுருங்கிவிடும். காரின் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் வகை, டப்பாவின் பின்புறத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பதே போதுமானது.

என் தேர்வு இது. பழைய கூலண்டை முழுவதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் இருமுறை அலசி நிரப்பும் பொறுமை உள்ளவருக்கு அடர் கூலண்ட். மற்ற எல்லோருக்கும் கலந்து வருவது. வெறும் தண்ணீருக்கு ஓர் இடம் மட்டும் உண்டு. நடுமலையில் கசிவு ஏற்பட்டு வேறு வழி இல்லாதபோது, கையிலிருக்கும் குடிநீர் பாட்டிலை ஊற்றிக் கீழே வந்து சேரலாம். வந்ததும் அதை வடித்துவிட வேண்டும். அப்போதும் இன்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. திறந்த கணத்தில் அழுத்தம் விடுபட்டு, உள்ளே இருப்பது நீராவியாகி முகத்தில் பாயும். முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழு அளவில் திறந்தால், இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். சில நிமிடங்கள் வியர்த்தாலும், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் தப்பிக்கும்.

வடித்த கூலண்டை வாசலிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். அதை நக்கும் நாய்க்கும், தெரியாமல் குடிக்கும் குழந்தைக்கும் சிறுநீரகம் செயலிழக்கும். மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுக்கலாம். அதைத் தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்க வேண்டாம்.