மேற்குப் பார்த்த கராஜ் சுவர்: பீலி, பெயின்ற், கொடிப்பந்தல்

வன்னியில் இப்போது கட்டுகிற வீடுகள் பலவற்றுக்கு ஒரு பக்கத்தில் கராஜும் சேர்ந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்), உரமூடை, நெல்மூடை எல்லாம் அதற்குள்தான். கதவு எந்தப் பக்கம், உள்ளே தட்டு எங்கே என்று நிறையக் கதைப்போம். வெளிச்சுவரை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. பின்வளவில் புழங்குகிறவர்களுக்கோ நாள் முழுக்க முகத்துக்கு நேரே நிற்பது அந்தச் சுவர்தான்.

எங்கட வீடு விசுவமடுவில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. 2017இல் கராஜ் கட்டினோம். சீமெந்துக் கல்லுச் சுவர், மேலே சீற் கூரை. அடுத்த வருடம் கனடாவிலிருந்து வந்த அண்ணர் குசினிக்குப் பின்னால் ஒரு டெக் போட்டுத் தந்தார். கொங்கிறீற் கட்டைகளில் இருத்திய முதிரைப் பலகைத் தளம், அதற்கு மேல் கிடுகுக் கூரை. பின்னேரத் தேத்தண்ணி, பிள்ளைகளின் படிப்பு, அம்மா கீரை ஆய்வது எல்லாம் அங்கேதான். அதில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் எட்டடி தள்ளி, இருபதடி நீளத்துக்கு, யன்னல்கூட இல்லாத சாம்பல் சுவர். அந்தச் சுவரைப் பார்க்கக்கூடியதாகவும் பக்கத்தில் இருக்கக்கூடியதாகவும் மாற்ற 2018இலிருந்து செய்து வந்தவற்றையும், அவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

சுவர் மேற்குப் பார்த்தது. எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகிறது. தெற்குச் சுவரையோ வடக்குச் சுவரையோ கூரையின் இறக்கம் ஓரளவு காப்பாற்றும். மேற்கு வெயில் பின்னேரம் பதிந்து, கூரைக்குக் கீழால் நேரே வந்து அடிக்கிறது. சித்திரை பிறக்கிற நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணி முற்பகுதிவரை அங்கேயே நிற்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று புழுதியோடு வீசுகிற, மழை இல்லாத மாதங்களும் அவைதான். சீமெந்துக் கல் அந்தச் சூட்டை முழுக்கக் குடித்துவிட்டு, பொழுதுபட்ட பிறகு ஆறுதலாக வெளியே விடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போலிருக்கும். காற்றாட இருக்கலாம் என்று போட்ட தளத்தில் இரவு பத்து மணிவரை வெக்கை.

பெயின்ற் அடிக்கத்தான் முதலில் நினைத்தோம். சுவர் பூச வந்த மேசன் அண்ணை குறுக்கே விழுந்தார். “தங்கச்சி, முதல்ல மேல இருந்து விழுற தண்ணிக்கு ஒரு வழி பண்ணுங்கோ. இல்லாட்டி எந்தப் பெயின்ற் அடிச்சாலும் அடுத்த மாரிக்குக் கழண்டு போகும்” என்றார். சீற்றிலிருந்து வடிகிற தண்ணீர் சுவரடியில் விழுந்து, செம்மண்ணைக் கிளப்பி, முழங்கால் உயரத்துக்குச் சுவரில் அடிக்கும். மேலே சீற் நுனியில் திரும்புகிற தண்ணீர் சுவரோடு வழிந்து கறுப்புக் கறுப்பாய்க் கோடு போடும். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டி முடிவதால், அந்த மூன்று நான்கு மாதத்தில் சுவர் படுகிற பாடு கொஞ்சமல்ல. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பெயின்ற்றுக்கு முன்னரே சீற் நுனியில், வடிகிற தண்ணீரை ஏந்துகிற பி.வி.சி. பீலி பூட்டி, தண்ணீரைக் குழாயால் இறக்கி ஒரு தொட்டியில் விட்டோம். இந்த வேலைகள் எல்லாவற்றிலும் காசுக்கு முழுப் பலன் தந்தது அந்தப் பீலி. மாரி தொடங்க முதல் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, சருகை அள்ளிவிட்டால் போதும்.

பூச்சு காய ஒரு மாதம் விட்டோம். புதுச் சீமெந்தில் காரம் அதிகம். காயாமல் பெயின்ற் அடித்தால் நிறம் மாறும், உரியும். பிறகு காரம் தாங்குகிற பிறைமர் ஒரு கை, வெளிச்சுவர் எமல்சன் இரண்டு கை. உள்சுவருக்குப் பூசுகிற புட்டியை வெளியில் பாவிக்க வேண்டாம் என்று மேசன் அண்ணை கண்டிப்பாகச் சொன்னார். மாரியில் ஊறி, பிறகு பாளம் பாளமாக விழுமாம். நிறம் தெரிவதில் வீட்டில் இரண்டு கட்சி. தூய வெள்ளை வேண்டாம் என்று நான் நின்றேன். பின்னேர வெயில் வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறித்தால் தளத்தில் இருப்பவர் கண்ணைத் திறக்க முடியாது. கடும் நிறமென்றால் சூட்டை இன்னும் இழுக்கும். கடைசியில் தயிர்ச் சோற்று நிறத்தில் ஒரு மங்கல் வெள்ளை.

2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த அந்த நாட்களில் எங்கட பின்வளவிலும் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், சுவரின் மேற்பகுதி கழுவி வைத்தது மாதிரிச் சுத்தமாக இருந்தது. அடிப்பகுதியில் மட்டும் இரண்டடிக்குச் செம்மண் ஏறி, பங்குனி வெயிலில் அதே இடத்தில் உவர் பூத்து, வெள்ளை மாவாக உதிரத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீரின் உப்பும் மண்ணின் உப்பும் ஈரத்தோடு ஏறி வந்து, ஈரம் காய்ந்ததும் அங்கேயே தங்கிவிடுகிறது. உவரைக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தும்புத் தூரிகையால் தேய்த்துக் கொட்டுவதுதான் சரி.

அந்தக் கோடையில் சுவரடியில் இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, வெளிப்பக்கம் சரிவு வைத்து, சல்லிக்கல் பரப்பினோம். சுவரின் அடி இரண்டடிக்குக் காவி நிறம் அடித்தோம். கோயில் மதில்களில் காலங்காலமாகப் பார்க்கிற ஏற்பாடுதான். செம்மண் தெறித்தாலும் காவியில் தெரியாது. சல்லி போட்ட பிறகு தெறிப்பதும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மாரி முடிவில் எங்காவது பச்சைப் பாசி பிடித்தால், பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, ஊறவிட்டு, தேய்த்துக் கழுவுகிறோம். அசிட்டோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள். வருகிற புகை ஆபத்தானது.

சுவர் சுத்தமானது. வெக்கை அப்படியே இருந்தது.

சித்திரம் படிக்கிற மருமகன் லீவில் வந்து நின்றபோது சுவரின் நடுப்பகுதியில் ஒரு குளக்கட்டும் மருதமரமும் கொக்குகளும் வரைந்தான். நல்ல கை அவனுக்கு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஆனால் மேற்கு வெயிலில் முதலில் போனது றோசாவும் மஞ்சளும். இரண்டாம் கோடைக்குள் தாமரைப் பூக்கள் வெளிறி, இருந்த இடமே தெரியவில்லை. காவிச் சிவப்பும் கறுப்பும் மண்ணிறமும் இன்றும் இருக்கின்றன. இரும்புத் துருவிலிருந்து வருகிற நிறங்களை வெயில் லேசில் அசைக்காது. வெயில் விழுகிற சுவரில் படம் வரைய விரும்புகிறவர்கள் அந்த நிறங்களுக்குள்ளேயே வரையச் சொல்லுங்கள். பழைய நீர்க்கறை மாதிரித் தெரிந்த மிச்சத்தை நாங்கள் அழிக்கவில்லை. கொக்குகளுக்காக விட்டு வைத்திருக்கிறோம்.

சுவரில் சட்டி தொங்கவிடுவது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சோளகத்தில் சின்னச் சட்டி காலையில் ஊற்றினால் மத்தியானம் காய்ந்துவிடும். கீழே தட்டு வைத்தால் நுளம்பு பெருகும், டெங்குக்கு வழி. எங்களுக்குச் சரிவரவில்லை.

வெக்கைக்கு விடை 2019இல் போட்ட கொடிப்பந்தல். சுவருக்குச் சமாந்தரமாக, ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒன்றரை இஞ்சி ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய்த் தூண்கள், அவற்றில் வெல்ட் மெஸ் வலை. தூண்களை நிலத்தில் கொங்கிறீற் போட்டு நிறுத்தினோம். சுவரில் ஒரு துளைகூட இல்லை. சீமெந்துக் கல்லில் துளைத்து இறுக்குகிற றோல் பிளக், காற்றில் கொடி ஆட ஆட இளகிப்போகும். துளையால் தண்ணீரும் போகும். மரச்சட்டம் மலிவுதான், ஆனால் இந்த மண்ணில் கறையான் அதை ஏணியாக்கிக் கூரைவரை ஏறும். வெல்ட் பிடித்த இடங்களில் குழாயின் நாகப் பூச்சு எரிந்துவிடும் என்பதால் அந்த இடங்களுக்கு மட்டும் துருத்தடுப்புப் பெயின்ற் அடித்தோம். இன்றுவரை துரு இல்லை.

அந்த ஒரு சாண் இடைவெளி வீணல்ல. இலைக்கும் சுவருக்கும் நடுவால் காற்று மேலே போகிறது, சுவர் காய்கிறது, தும்புத்தடி விட்டுக் கூட்டவும் முடிகிறது. சுவரில் வேரூன்றி ஒட்டிப் படர்கிற கொடி வகைகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிடுங்கினால் பெயின்ற்றும் சேர்ந்து வரும்.

நட்டவை மூன்று: நடுவில் மஞ்சள் கொடித்தோடை (பாஷன் புரூட்), ஒரு ஓரத்தில் நீலக் காக்கணவன் (சங்குப்பூ), மற்ற ஓரத்தில் இலையைக் கறிக்கு எடுக்கிற குறிஞ்சா. கொடித்தோடைதான் வேகம். நட்ட அடுத்த மாரிக்குள் வலையில் பெரும்பகுதியை மூடிவிட்டது. அதன் பூ மத்தியானத்தில்தான் விரியும். வெள்ளை இதழ்களுக்கு மேல் ஊதா அடிவைத்த மெல்லிய இழைகள் வட்டமாக நெளிந்து நிற்க, கருவண்டு இரைந்துகொண்டு வந்து இறங்கும். தேனுக்காக அது வட்டத்தைச் சுற்றும்போது, மேலே கவிழ்ந்திருக்கும் மகரந்தப் பைகள் முதுகில் உரசி மஞ்சளாகப் பூசிவிடும். மஞ்சள் கொடித்தோடை தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஒரு கொடியோடு நிறுத்தாமல் வேறு விதையில் முளைத்த இன்னொன்றும் வையுங்கள். கருவண்டு காய்ந்த மரத்தில் துளைபோட்டுக் கூடு வைக்கிறது. எங்கட கிடுகுக் கூரையின் ஒரு சலாகையில் குடியிருக்கிறது. அதை நாங்கள் கலைப்பதில்லை.

கோடையில் கொடித்தோடைக்குத் தண்ணீர் வேண்டும். பீலித் தொட்டித் தண்ணீர் மாசிவரை வரும், பிறகு கிணறுதான். காக்கணவனும் குறிஞ்சாவும் அப்படியல்ல. வாடுவது போலிருந்து மழை கண்டதும் துளிர்க்கும். காக்கணவன் பூ அம்மாவின் சாமித் தட்டுக்கு, குறிஞ்சா வறைக்கும் சொதிக்கும். கார்த்திகையில் சல்லிக்கரையில் கார்த்திகைப்பூக் கொடி தானாக முளைத்து, இலைநுனியைச் சுருட்டி வலையைப் பிடித்து ஏறுகிறது. அழகு சொல்லி முடியாது. கிழங்கு கடும் விஷம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

குரங்குத் தொல்லை உண்டு. காய் மஞ்சளாக முதலே கடித்துப் போட்டுவிடும். வலை போர்த்துப் பார்த்தோம், பயனில்லை. நிழலுக்காகத்தான் இந்தக் கொடி, பழம் மிச்சப்பட்டால் லாபம் என்று வைத்துக்கொண்டால் மனம் நோகாது. பாம்பு அடையும் என்று அம்மா பயந்தது நியாயமான பயம். அதனால் நிலத்திலிருந்து இரண்டடிக்கு இலையே விடுவதில்லை. தண்டு மட்டும் தெரியும், சல்லி வெறுமையாகத் தெரியும், காவிச் சுவர் தெரியும். எது ஊர்ந்தாலும் கண்ணில் படும்.

2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்த இரவு, கொடியில் பாதியைக் காற்று கிழித்துப் போட்டது. தூண்கள் அசையவில்லை. சுவரோடு தொடர்பில்லாமல் நின்றதால் சுவரில் ஒரு கீறலும் இல்லை. கத்தரித்துவிட்டோம், தைக்குள் திரும்ப மூடிவிட்டது.

பந்தலின் பலனைச் சரியாகக் கண்டது 2022இல். சீமெந்தும் பெயின்ற்றும் தொட முடியாத விலைக்குப் போய், எல்லாரையும் போல நாங்களும் வேலைகளைத் தள்ளிப்போட்ட வருடம். வலை எட்டாத வடக்கு முனையில் நாலடிச் சுவர் வெயிலிலேயே நிற்கிறது. அதில் கையைத் தேய்த்தால் உள்ளங்கை வெள்ளையாகிவிடும். பெயின்ற் மாவாகப் போயிருந்தது. கொடியை விலக்கி உள்ளே தேய்த்தால் கையில் ஒன்றும் ஒட்டவில்லை, அடித்த நிறம் அப்படியே. ஒரே நாளில், ஒரே வாளியிலிருந்து அடித்த பெயின்ற். பிறகு விலை கொஞ்சம் இறங்கியதும் அந்த நாலடிக்கு மட்டும் திரும்ப அடித்தோம். இரவில் கை வைத்துப் பார்க்கிற சோதனையிலும் அப்படித்தான்: நிழலில் நின்ற சுவர் தளத்துப் பலகை அளவுக்கே இருக்கும், வெயில் முனை இன்னும் சுடும். இப்போது பங்குனியிலும் ஏழு மணிக்குப் பிறகு தளத்தில் பாய் விரிக்கலாம்.

வெளிச்சத்துக்கு, வலைக்குப் பின்னால் கீழிருந்து மேலே சுவரைப் பார்க்கிற மாதிரி ஒரு மஞ்சள் பல்ப். கண்ணில் அடிக்காது, இலை நிழல் சுவரில் விழும். முதல் மழைக்கு ஈசல் வருகிற நாட்களில் மட்டும் அதை அணைத்து வைக்க வேண்டும்.

கொடித்தோடை நீண்டகாலம் நிற்கிற கொடியல்ல. சில வருடத்தில் தண்டு முற்றிக் காய்ப்பும் இலையும் குறையும். எங்களதை ஏற்கனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது. பழைய கொடி நிற்கும்போதே பக்கத்தில் புதுக்கன்றை வைத்தால் நிழல் விட்டுப்போகாது. அடுத்த மாரிக்கு வலையை வடக்கு முனைவரை நீட்டி, அங்கே தண்ணீர் கேட்காத குறிஞ்சாவையே ஏற்றப் போகிறேன். உங்கட சுவர் கிழக்கோ வடக்கோ பார்த்ததென்றால் குழாய்ச் சட்டத்துக்குச் செலவழிக்க வேண்டாம்; பீலி, சல்லி, அடியில் காவி, மேலே இரண்டு கை பெயின்ற் போதும். மேற்கென்றால் பெயின்ற்றில் மிச்சம் பிடித்து அந்தக் காசைச் சட்டத்தில் போடுங்கள்.