பினாங்கில் ஒரு பழைய லைக்கா எம்3: வாங்குவதற்கு முன் பார்த்தவை

ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒன்றில், பழைய கேமராக்களும் கைக்கடிகாரங்களும் விற்கும் சிறிய கடை ஒன்று உள்ளது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. அப்பகுதியில் தமிழில் விசாரித்தாலே வழி காட்டிவிடுவார்கள். நான் அங்கே வாங்கியது 1957ஆம் ஆண்டைச் சேர்ந்த லைக்கா எம்3. அந்தக் கேமராவைப் பற்றியும், அதைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்த கடையைப் பற்றியும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் அறுபது ஆண்டுகளைக் கடந்த ஓர் இயந்திரத்தை வாங்கும்போது, அதைத் திறந்து பார்க்க விடாத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நட்டமே என்பது என் உறுதியான கருத்து.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் 1954இல் எம்3-ஐ வெளியிட்டு 1966 வரை தயாரித்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உருவானதால் இது அரிய பொருள் அல்ல. நல்ல நிலையில் கிடைப்பதுதான் அரிது. முதல் வேலையாக, மேல்தகட்டில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும். எம்3-இன் எண்கள் ஏழு லட்சத்தில் தொடங்குகின்றன. எண் காட்டும் ஆண்டும் கேமராவின் உறுப்புகளும் ஒத்துப்போகின்றனவா என்று அடுத்துச் சரிபார்க்கலாம். தொடக்க காலத்துக் கேமராக்களில் ஷட்டர் வேகங்கள், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை திறந்திருக்கும் நேரங்கள், வினாடிக் கணக்கில் 1/5, 1/10, 1/25, 1/50 என்று இருக்கும். 1957இல் அவை 1/4, 1/8, 1/15, 1/30 என்று மாறின. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்த ஏற்பாடு 1958இல் ஒரே இழுப்பாக மாறியது. என் கேமராவில் புதிய வேகங்களும் இரட்டை இழுப்பும் சேர்ந்திருந்தன. அதன் எண்ணுக்கு அது பொருத்தமே. இரட்டை இழுப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சுருள்வில் தேய்ந்திருந்தால் நெம்புகோல் பிடிப்பில்லாமல் வழுக்கும். அவசரப்படாமல் பல முறை இழுத்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.

லென்ஸ் பொருந்தும் வளையத்தின் உச்சியில், ஒரு திருகின் மேல், ‘எல்’ எழுத்து பதித்த சிறு முத்திரை உண்டு. அது உடையாமல் இருந்தால் கேமராவை யாரும் திறக்கவில்லை என்று பொருள் கொண்டு, சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. படம் எடுக்க வாங்குகிறவருக்கு, முத்திரை உடையாத கேமரா என்பது அறுபது ஆண்டு பழைய, காய்ந்துபோன மசகைச் சுமந்திருக்கும் கேமராதான். நான் வாங்கியதில் முத்திரை இல்லை. ஒரு முறை சர்வீஸ் செய்யப்பட்டது என்று கடைக்காரர் தாமாகவே சொன்னார்.

ஷட்டரைப் பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். “பாய், அடித்தகட்டைக் கழற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்டதும், “தாராளமாப் பாருங்க தம்பி, உள்ளே பார்க்காம வாங்கக் கூடாது” என்று சொல்லி, மேசை விளக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். எம்3-இன் ஷட்டர் ரப்பர் பூசிய துணித்திரைகளால் ஆனது. கடையின் இருண்ட மூலைக்குப் போய், லென்ஸைக் கழற்றிவிட்டு, முன்பக்கமிருந்து டார்ச் அடித்து, பின்கதவின் வழியே பார்த்தால் திரையில் உள்ள ஊசித்துளைகள் நட்சத்திரங்களைப் போலத் தெரிந்துவிடும். நெம்புகோலை இழுத்து ஷட்டரை ஏற்றுவதற்கு முன்னும் ஏற்றிய பின்னும் என இரண்டு நிலையிலும் இதைச் செய்ய வேண்டும். இரண்டு நிலைகளிலும் முன்னால் நிற்பவை வெவ்வேறு திரைகள். ஒரு நிலையை மட்டும் பார்ப்பது பாதிச் சோதனையே. என்னுடையதில் துளை எதுவும் இல்லை.

அடுத்தது வேகம். ஒரு வினாடியில் வைத்து அழுத்தினால், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் தடையில்லாமல் சீராக ஓடும் ஓசை முடிவுவரை கேட்க வேண்டும். நடுவில் தயங்கினாலோ திரை பாதியில் நின்றாலோ மசகு காய்ந்துவிட்டது என்று அறியலாம். துப்புரவு செய்தால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். 1/1000-இல் வரும் கோளாறு வேறு வகையைச் சேர்ந்தது. இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்றால் படத்தின் ஒரு பக்கம் இருண்டு போகும். பின்கதவைத் திறந்து வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து அழுத்திப் பார்த்தபோது, 1/500 வரை படச்சட்டம் முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. 1/1000-இல் மட்டும் ஓர் ஓரம் மங்கியது. கடைக்காரரிடம் காட்டினேன். அவரும் பார்த்தார், மறுக்கவில்லை, விலையில் அதைக் கழித்துக்கொண்டார்.

எம்3-இன் பெருமையெல்லாம், காட்சியைப் பார்க்கும் சாளரமான அதன் வியூஃபைண்டரில்தான் இருக்கிறது. பொருளை ஏறத்தாழ அதன் இயல்பான அளவிலேயே காட்டுவதால் இரண்டு கண்களையும் திறந்தபடியே படம் எடுக்கலாம். ஆனால் அதன் உள்ளே உள்ள கண்ணாடிப் பட்டகம் பால்சம் பசையால் ஒட்டப்பட்டது. கேமரா எப்போதாவது கீழே விழுந்திருந்தால் அந்த ஒட்டு விட்டுப்போய், பார்வை கறுத்துவிடும். மாற்றுப் பட்டகம் கிடைப்பதும் கடினம், செலவும் பெரிது. ஷட்டர் பழுதுக்கு நான் விலை பேசுவேன். பட்டகம் பழுதென்றால் கேமராவைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுவேன். இதில் காட்சி தெளிவாகவே இருந்தது. வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாக்கிக் குவியத்தைச் சரிசெய்ய உதவும் தொலைவுமானியைச் சரிபார்க்கக் கடை வாசலுக்கு வந்து, கூரைகளுக்கு மேல் தெரிந்த கொம்தார் கோபுரத்தைப் பார்த்தேன். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பியபோது கோபுரத்தின் இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் படிந்தன. மேலும் கீழுமாகப் பிசகியிருக்கவும் இல்லை.

லென்ஸ்தான் ஏமாற்றம் தந்தது. கேமராவுடன் வைத்திருந்த, உள்ளே மடங்கும் வகை 50 மி.மீ. சும்மிக்ரான் லென்ஸின் வழியே சாய்வாக டார்ச் அடித்தபோது, உட்கண்ணாடியில் பால் படர்ந்தது போன்ற மூட்டமும், ஓரத்தில் வேர்விட்ட பூஞ்சையும் தெரிந்தன. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இது இயல்பானதுதான். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. இந்த வகை லென்ஸின் பூச்சு மென்மையானதும்கூட. ஆகவே கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடையின் பெரிய குறையும் இதுவே: கேமராக்களை ஈரம் கட்டுப்படுத்தும் டிரை கேபினட்டில் வைத்திருப்பவர், லென்ஸ்களைத் திறந்த அலமாரியில் அடுக்கியிருக்கிறார். அங்கே லென்ஸ் வாங்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடிப் பெட்டியில் பொன்னிறத்தில் ஒரு ‘லைக்கா’வும் இருந்தது. அது ஸோர்கி என்ற சோவியத் கேமராவை மாற்றிச் செய்த போலி என்று கேட்காமலேயே சொல்லி, போலிக்குரிய விலைக்கே விற்கிறார். வேறு இடங்களில் இப்படிப்பட்டதைப் பார்ப்பவர்கள் லென்ஸைக் கழற்றி, தொலைவுமானியைத் தொடும் உறுப்பைக் கவனிக்கவும்: லென்ஸைத் திருகிப் பொருத்தும் பழைய லைக்காவில் அது சுழலும் சிறு உருளை, ஸோர்கி, ஃபெட் ஆகிய சோவியத் கேமராக்களில் சுழலாத உலோக நாக்கு.

கேமராவுக்கு 4,800 ரிங்கிட் கொடுத்தேன். இணையத்தில் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம், ஆனால் மேலே சொன்ன எதையும் படத்தைப் பார்த்துச் சோதிக்க முடியாது. ஃபிலிம் சுற்றும், தனியே கழன்று வரும் உருளை உள்ளே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எம்3-களில் அது தொலைந்திருப்பது சாதாரணம். இதுவரை எடுத்த ஃபிலிம்களில் 1/500 வரை ஒளி சீராகவே பதிந்திருக்கிறது. கடைக்காரர் எழுத்து மூலமான உத்தரவாதம் தருவதில்லை. பழுது வந்தால் ஒரு மாதத்துக்குள் கொண்டு வரலாம் என்று வாய்ச்சொல் மட்டுமே. ரசீதில் வரிசை எண்ணை எழுதித் தரச் சொன்னேன், எழுதிக் கொடுத்தார். போகிறவர்கள் டார்ச்சும், சரியாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு லென்ஸும் கொண்டு போவது நல்லது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். வானத்தை நோக்கி ஷட்டரைச் சோதிக்க வேண்டியிருப்பதால் மற்ற நாள்களில் முற்பகலில் செல்லலாம்.