கேம்பர் வண்டியின் பேட்டரி வாசலில் ஃப்யூஸா, பிரேக்கரா?

பிக்கப்பின் முதுகில் பெட்டி கட்டி, அதற்குள் 12 வோல்ட் 280 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி (எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை), 1000 வாட் இன்வெர்ட்டர், சின்ன ஃப்ரிட்ஜ், ஃபேன், தண்ணீர் பம்ப். இப்படி ஒரு வண்டியில் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் முதல் கேபிளில் எதை மாட்டுவது என்பதற்கு மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன: கார் ஆடியோ கடையில் கிடைக்கும் சிவப்பு பட்டன் பிரேக்கர், சோலார்காரர்கள் போடும் டிசி எம்சிபி (வீட்டு மெயின் போர்டில் இருக்கும் சின்ன பிரேக்கரின் டிசி வடிவம்), போல்ட் போட்டு இறுக்கும் பெரிய ஃப்யூஸ். என் ஓட்டு ஃப்யூஸுக்கு. காரணம் ஒன்றே ஒன்றுதான்.

பிரேக்கரின் வசதி தெரிந்ததே. டிரிப் ஆனால் தட்டிவிட்டுப் போகலாம், ஸ்பேர் வாங்கி வைக்க வேண்டாம், வேலை பார்க்கும்போது ஆஃப் செய்ய ஸ்விட்சாகவும் உதவும். ஃப்யூஸ் போனால் ஸ்பானர் எடுக்க வேண்டும். வசதியை மட்டும் பார்த்தால் பிரேக்கர்தான் ஜெயிக்கும்.

ஆனால் முழு ஷார்ட் ஒன்று விழும்போது அந்தக் கரண்டை அறுக்க முடியுமா என்று கேளுங்கள். கணக்கு சுலபம். 280 ஏஹெச் செல் ஒன்றின் உள் மின்தடை கால் மில்லி ஓம் அளவு. நான்கு செல்லுக்கு ஒரு மில்லி ஓம். பிஎம்எஸ்ஸும் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) இணைப்புகளும் சேர்ந்து இன்னொரு மில்லி ஓம். 35 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் போக வர 2 மீட்டர் என்றால் சுமார் 1.1 மில்லி ஓம். ஆகமொத்தம் 3 மில்லி ஓம் சொச்சம். 13 வோல்ட்டை அதால் வகுத்தால் 4000 ஆம்பியருக்கு மேல். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஷார்ட் ஆனால் 6000-ஐத் தொடும். பழைய லெட் ஆசிட் பேட்டரி இவ்வளவு வேகமாகக் கொட்டாது. அந்தக் காலத்து வழக்கத்தை அப்படியே லித்தியத்துக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல்.

பிஎம்எஸ் பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். அதில் ஸ்விட்சாக இருப்பவை மாஸ்ஃபெட் எனும் டிரான்சிஸ்டர்கள். அளவுக்கு மீறிய கரண்டில் அவை செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். கதவு திறந்தபடியே நின்றுவிடும்.

சிவப்பு பட்டன் பிரேக்கரின் உள்ளே இருப்பது ஒரு பைமெட்டல் தகடும் ஒரு ஜோடி காண்டாக்டும். ஓவர்லோடில் தகடு சூடாகி வளைந்து காண்டாக்டைப் பிரிக்கும். பல ஆயிரம் ஆம்பியரில் பிரியும்போது நடுவில் ஆர்க் (காற்றில் தாவி எரியும் மின்பொறி) பிடிக்கும். வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த இடைவெளி கிடையாது. ஒன்று காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு வெல்டாகும், இல்லையென்றால் பிளாஸ்டிக் கூடு உருகும். வாங்குமுன் மேலே பாருங்கள்: ‘150 ஏ’ என்று பெரிதாக இருக்கும், எத்தனை ஆயிரம் ஆம்பியரை அறுக்கும் என்ற எண் இருக்காது. எண் இல்லாத பொருள் பேட்டரி வாசலுக்கு வேண்டாம்.

டிசி எம்சிபி நிலைமை இதைவிட நல்லது. நல்ல கம்பெனி சரக்கில் 6 கேஏ, 10 கேஏ (கேஏ என்றால் ஆயிரம் ஆம்பியர்) என்று டிசிக்கே எழுதியிருக்கும். வீட்டு எம்சிபியில் கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஏசி கணக்கு. டிசி எம்சிபிகளில் பல பிளஸ் மைனஸ் பார்ப்பவை. உள்ளே இருக்கும் காந்தம் ஆர்க்கை ஒரு திசையில்தான் தள்ளும். தலைகீழாக மாட்டினால் ஆர்க் அணையும் அறைக்குப் பதில் எதிர்ப்பக்கம் போகும். பேட்டரி கேபிளில் சார்ஜ் ஏறும்போது ஒரு திசை, இறங்கும்போது மறு திசை என்பதால் இங்கே போலாரிட்டி இல்லாத வகைதான் வேண்டும். அது 63 ஆம்பியருக்கு மேல் சுலபமாகக் கிடைக்காது. 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 100 ஆம்பியர் அளவு இழுக்கும், அங்கேயே உதைக்கிறது.

இன்னொன்று சூடு. வீட்டு வகை எம்சிபி 30 டிகிரியில் அளவிடப்பட்டது. மே மாத சென்னை வெயிலில் நிற்கும் பெட்டியில், பெர்த்துக்கு அடியில் இருக்கும் பேட்டரி அறை 55, 60 டிகிரி போகும். அப்போது அதன் தாங்கும் அளவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம். காரணமில்லாமல் டிரிப் ஆகிறதென்று எரிச்சலில் பெரிய அளவு போடுவார்கள், கேபிளுக்குப் பாதுகாப்பு போய்விடும். இருந்தாலும் சோலார் பேனல் பக்கம், 40 ஆம்பியருக்கு உள்ளே, டிசி எம்சிபி தாராளமாகப் போடலாம். மலைப்பாதை அதிர்வில் அது ஐந்தாறு வருஷம் கழித்து எப்படி நிற்கும் என்பதற்கு மட்டும் நான் ஜாமீன் தர மாட்டேன்.

ஃப்யூஸிலும் எல்லாம் ஒன்றல்ல. மெகா ஃப்யூஸ் அறுப்பது 2000 ஆம்பியர்தான். லித்தியம் வாசலுக்குப் போதாது. நல்ல கம்பெனி ஏஎன்எல் 6000, மேலே போட்ட கணக்குக்கு விளிம்பில் நிற்கும். பேட்டரி டெர்மினலிலேயே உட்காரும் எம்ஆர்பிஎஃப், 14 வோல்ட் வரை 10,000. கிளாஸ் டி (Class T) 20,000. உள்ளே மணல் நிரப்பியிருப்பதால் உருகும் உலோகத்தின் ஆர்க்கை மணலே உறிஞ்சி அணைத்துவிடும். 12 வோல்ட் ஒற்றை பேட்டரிக்கு எம்ஆர்பிஎஃப் போதும். 24 வோல்ட் லாரி அமைப்புக்கும் இரண்டு பேட்டரியை பேரலலில் போடுவோருக்கும் கிளாஸ் டி.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிளாஸ் டி கேட்டால் கடைக்காரர் முதலில் கண்ணாடி ஃப்யூஸை எடுத்து நீட்டக்கூடும். ஆன்லைனில் வரவழைக்கப் பொறுமை இல்லையென்றால் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் எச்ஆர்சி ஃப்யூஸ் (பெரிய ஷார்ட்டை அறுக்கும் தொழிற்சாலை வகை) நல்ல மாற்று. உடம்பில் டிசி வோல்டேஜும் கேஏ எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். கிளிப்பில் செருகும் வகை வேண்டாம், குலுக்கலில் பிடி தளரும். போல்ட் போடும் வகை எடுங்கள். எச்ஆர்சியில் ஜிஜி (gG) எனும் பொதுப் பயன்பாட்டு வகை ஓவர்லோடில் மந்தம்: 125 ஆம்பியர் ஃப்யூஸ் 200 ஆம்பியரில் போக இரண்டு மணி நேரம்கூட எடுக்கலாம். அதனால் அதோடு 50 ஸ்கொயர் எம்எம் கேபிள் போடுங்கள்.

வாசலில் இது நின்றுவிட்டால் உள்ளே சாதாரண பிளேடு ஃப்யூஸ் பெட்டி போதும். அது 1000 ஆம்பியரைத்தான் அறுக்கும் என்றாலும், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போக வர 6 மீட்டர் என்றால் அதன் தடையே 48 மில்லி ஓம்; கடைசி முனையில் ஷார்ட் ஆனால் 260 ஆம்பியர் அளவுதான் வரும். அந்த வயருக்கு 20 ஆம்பியர் ஃப்யூஸ், 1.5 ஸ்கொயர் எம்எம் வயருக்கு 15. ஃப்யூஸ் காப்பது வயரை. ஃப்ரிட்ஜையோ பம்பையோ அல்ல.

ஃப்யூஸ் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: லூஸ் லக்கை (கேபிள் முனையில் போல்ட் போடும் காப்பர் வளையம்) எந்த ஃப்யூஸும் கண்டுபிடிக்காது. ஜாயின்ட்டில் ஒரு மில்லி ஓம், 100 ஆம்பியர் என்றால் 10 வாட் சூடு ஒரு போல்ட் தலையில் உட்காருகிறது. கரண்ட் கூடவில்லை, அதனால் ஃப்யூஸ் சும்மா இருக்கும். பக்கத்து பிளைவுட் கருகும். வழக்கமான தப்பு, லக்குக்கும் பேட்டரி தட்டுக்கும் நடுவில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாஷரைச் செருகுவது. காப்பரும் தட்டும் நேராக முட்ட வேண்டும், வாஷர் மேலே. சோதிக்க: இன்வெர்ட்டரில் 1000 வாட் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை லக்கிலும் இன்னொன்றை போல்ட் ஸ்டட்டிலும் தொடுங்கள். 10-க்குள் இருந்தால் நிம்மதி. 50 தாண்டினால் கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். ஈசிஆர் ஓரம் நிறுத்தும் வண்டியில் உப்புக்காற்றில் லக்கில் பச்சை பூக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

ஃப்யூஸை பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 7 அங்குலத்துக்குள் வையுங்கள். படகுகளுக்கான அமெரிக்க ஏபிஒய்சி விதி அது, வண்டிக்கும் பொருந்தும். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் கேபிளுக்குக் காவல் இல்லை என்பதால்தான் இந்தக் கஞ்சத்தனம். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் டிசி-டிசி சார்ஜர் கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும், இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறதே. 230 வோல்ட் பக்கம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (கசிவு கரண்டையும் பார்த்து அறுக்கும் பிரேக்கர்). இரண்டு கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் கதவோரம் மாட்டுங்கள். ஸ்பேர் மெயின் ஃப்யூஸ் இரண்டையும், அந்த போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பானரையும் ஒரே கவரில் போட்டு பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.