கீ நடந்த வழி, ரிச்சர்ட் நடந்த வழி

சிலுவைப் போர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஹத்தீன் (1187), அர்சூஃப் (1191) என்ற இரண்டு சண்டைகளையும் இரண்டு ராஜாக்களின் குணக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஜெருசலேம் ராஜா மடையன், தோற்றான். இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் சிங்கம், ஜெயித்தான். எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இரண்டு படையும் எந்த வழியில் நடந்தன, வழியில் என்ன குடித்தன என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

(அந்த ஜெருசலேம் ராஜாவின் பெயரை ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து எழுதினால் ‘கை’ என்று வரும். கை, கால் குழப்பம் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது போல் ‘கீ’ என்றே எழுதுகிறேன். லூசிஞான் வம்சத்து கீ.)

ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடைப்பது கஷ்டம். இடைவெளி நான்கே வருஷம். எதிரில் நின்றது இரண்டு முறையும் முஸ்லிம் படைகளின் சுல்தான் சலாஹுத்தீன். அவருடைய உத்தியும் மாறவில்லை. கொம்பும் மரமும் நரம்பும் சேர்த்து ஒட்டிய சின்ன வில்லோடு குதிரை வீரர்கள் நெருங்கி வருவார்கள், எய்வார்கள், துரத்தினால் ஓடுவார்கள், திரும்பி வந்து மறுபடி எய்வார்கள். நாள் முழுக்க முரசும் கொம்பும் முழங்கும். அந்தப் பக்கம் ஃபிராங்குகளிடம் (ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள்; நம் ஊர் ‘பரங்கி’க்கு மூலச்சொல் இதுதான்) இருந்த பெரிய ஆயுதம் ஒன்றே ஒன்று: ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கனத்த குதிரைகள் ஒரே வரிசையாக வந்து மோதும் பாய்ச்சல். அது பட்டால் எதிரே எதுவும் நிற்காது. படாவிட்டால் குதிரை களைத்து, வரிசை சிதறி, பாய்ந்தவன் தனியாக மாட்டிக்கொள்வான். பாய்ச்சலை வீணாக்க வைப்பதுதான் சலாஹுத்தீனின் வேலை.

முதலில் கீயின் வழி. 1187 ஜூலை 2-ல் சலாஹுத்தீன் கலிலேயா ஏரிக்கரையில் இருக்கும் திபேரியா ஊரைப் பிடித்துவிட்டார். கோட்டைக்குள் சிக்கியிருந்தது திரிப்போலி பிரபு ரேமண்டின் மனைவி எஷீவா. ஃபிராங்குப் படை நாசரேத்துக்குப் பக்கத்தில் சஃபூரியாவின் ஊற்றுகளை ஒட்டி முகாமிட்டிருந்தது. சுமார் 1,200 நைட்டுகள் (கவசம் போட்ட குதிரை வீரர்கள்), காலாட்களையும் சேர்த்தால் 15,000-க்கு மேல். கோட்டைகளில் இருந்த காவலையெல்லாம் வழித்தெடுத்துச் சேர்த்த கூட்டம் இது. தோற்றால் கோட்டைக் கதவைச் சாத்தக்கூட ஆளில்லை.

ரேமண்ட் சொன்ன யோசனை: போகவேண்டாம். ஊர் என்னுடையது, உள்ளே இருப்பது என் மனைவி, இருந்தாலும் சொல்கிறேன், போகவேண்டாம். தண்ணீரை விட்டு நகர்ந்தால் ராஜ்யமே போய்விடும். சபை ஒப்புக்கொண்டது. ராத்திரி எல்லோரும் கலைந்த பிறகு டெம்ப்ளர் என்ற துறவி வீரர் சங்கத்தின் தலைவர் ஜெரார்ட் கீயின் கூடாரத்துக்குள் வந்து ரேமண்டைத் துரோகி என்றார். விடியும்போது ‘கிளம்பு’ என்று உத்தரவு.

இந்த இடத்தில் கீயை மடையன் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. நான்கு வருஷம் முன்னால், 1183-ல், இதே சலாஹுத்தீன் இதே வட்டாரத்தில் வந்து சீண்டியபோது கீ ஊற்றை விட்டு அசையவில்லை. சலாஹுத்தீன் திரும்பிப் போனார். படை சேதமில்லாமல் தப்பியது. அதற்குக் கிடைத்த பரிசு? கோழை என்று பெயர். கையிலிருந்த ஆட்சிப் பொறுப்பும் போயிற்று. சரியான முடிவுக்கு ஒரு முறை அடி வாங்கியவன் இரண்டாம் முறையும் அதையே எடுப்பான் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ராணி சிபில்லாவைக் கட்டியதால் ராஜா ஆனவன் வேறு. பிரபுக்களில் பாதிப் பேருக்கு அவனைப் பிடிக்காது.

ஜூலை 3, உச்சி வெயில் காலம். திபேரியாவுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். வழியில் துரான் ஊற்று இருந்தது. அதைத் தாண்டிப் போனார்கள். தாண்டியதும் சலாஹுத்தீனின் ஆட்கள் பின்னால் சூழ்ந்துகொண்டார்கள், திரும்பும் வழியும் அடைபட்டது. அன்று இரவு வறண்ட மேட்டுநிலத்தில், மஸ்கனாவில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் படுக்கை. எதிர் முகாமில் ஒட்டகங்கள் கீழே இருக்கும் ஏரியிலிருந்து தோல் துருத்திகளில் தண்ணீர் கொண்டுவந்தபடி இருந்தன. அம்பு மட்டும் 70 ஒட்டகங்களில் வந்ததாகச் சொல்கிறார்கள். மறுநாள் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். தாகத்தோடு புகையும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் நடந்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. காலாட்கள் வரிசையை விட்டு ஹத்தீனின் இரட்டைக் குன்றில் ஏறிக்கொண்டு, கூப்பிட்டும் இறங்கி வரவில்லை. காலாட்கள் இல்லாமல் நைட்டின் குதிரை அம்புக்கு வெறும் இலக்கு. ரேமண்ட் பாய்ந்தார். எதிரே நின்ற தகியுத்தீனின் படை மோதவே இல்லை. வழி விட்டு ஒதுங்கி, அவர் போனதும் மூடிக்கொண்டது. கீயின் ஆட்கள் மேலிருந்து இரண்டு முறை பாய்ந்தார்கள். பக்கத்தில் நின்ற சலாஹுத்தீனின் மகன் அல்-அஃப்தல் ‘ஜெயித்துவிட்டோம்’ என்று கத்த, தாடியைப் பிடித்தபடி நின்ற அப்பா, ‘வாயை மூடு, அந்தக் கூடாரம் விழும்வரை ஜெயிக்கவில்லை’ என்றாராம். சொல்லி முடிப்பதற்குள் கீயின் கூடாரம் சரிந்தது. அக்டோபர் 2-ல் ஜெருசலேம் கைமாறியது.

இனி ரிச்சர்ட். 1191 ஜூலையில் அக்கோ துறைமுகம் சிலுவைப் படையிடம் விழுந்தது. அங்கே பிடிபட்டவர்களில் சுமார் 2,700 பேரை வெட்டச் சொன்னவரும் இதே ரிச்சர்ட்தான். அவரைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆகஸ்ட் பிற்பகுதியில் தெற்கே இருக்கும் யோப்பா துறைமுகத்தை நோக்கிக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அர்சூஃப் வந்து சேரவே இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். காலையில் கொஞ்ச தூரம், வெயில் ஏறினால் நிறுத்தம், அடிக்கடி முழுநாள் ஓய்வு. கீ ஒரே நாளில் கடக்க நினைத்த தூரத்தை இவர் மூன்று நான்கு நாளாக நடந்திருப்பார்.

வலது பக்கம் கடல். அங்கிருந்து யாரும் தாக்க முடியாது. கூடவே கப்பல்கள் வந்தன. சோறு அதில், வெயிலில் சுருண்டவர்களுக்கு இடமும் அதில். கடலோரம் மூட்டைமுடிச்சு, நடுவில் நைட்டுகள், நிலப்பக்கம் காலாட்கள். காலாட்களிலும் பாதிப் பேர் அம்பு வாங்கிக்கொண்டு நடக்க, மறு பாதி மூட்டைகளோடு கடலோரம் ஆசுவாசமாக நடந்தது. பிறகு மாற்றிக்கொள்வார்கள். சலாஹுத்தீனோடு இருந்த பஹாவுத்தீன் இதை நேரில் பார்த்தவர். முதுகில் பத்து அம்பு வரை குத்தி நிற்க, ஒன்றுமே நடக்காதது போல் காலாட்கள் நடந்தார்கள் என்கிறார். தடித்த கம்பளிச் சட்டையும் இரும்பு வளையச் சட்டையும் அம்பை உடம்புக்கு விடவில்லை. அவர்களுடைய குறுக்குவில்லோ குதிரையையும் ஆளையும் சேர்த்து வீழ்த்தியது.

கீ சங்கதிக்கு ஒரு பின்குறிப்பு: இந்த அணிவகுப்பில் அவனும் இருந்தான், பிரான்சின் புவாட்டூ பகுதி ஆட்களுக்குத் தலைமையாக. அதே ஆள், அதே எதிரி. இந்த முறை பக்கத்தில் கடல்.

செப்டம்பர் 7-ல் சலாஹுத்தீன் மொத்தப் பலத்தையும் இறக்கினார். கடைசி வரிசையில் ஹாஸ்பிட்டலர்கள், டெம்ப்ளர்களைப் போல் இன்னொரு துறவி வீரர் சங்கம். அவர்களுடைய காலாட்கள் முகத்தை எதிரிக்குக் காட்டி, பின்பக்கமாகவே நடந்து எய்துகொண்டிருந்தார்கள். குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தலைவர் கார்னியே ரிச்சர்டிடமே போய், பாய விடுங்கள் என்றார். பொறு என்றார் ரிச்சர்ட். ஆறு எக்காளம் ஊதினால்தான் பாய்ச்சல் என்று ஏற்பாடு. எக்காளத்துக்கு முன்பே இரண்டு பேர் பொறுமையிழந்து பாய்ந்துவிட, பின்னாலேயே எல்லோரும். ரிச்சர்ட் செய்த கெட்டிக்காரத்தனம் இங்கேதான்: மீறியவர்களைத் திட்டிக்கொண்டு நிற்காமல், அந்த நொடியிலேயே மொத்தப் படையையும் சேர்த்துவிட்டார். குறி தப்பக்கூடாதென்று எதிரிகளில் பலர் குதிரையை விட்டு இறங்கி நின்ற சமயம் அது. ஹத்தீனில் போல் வழி விட்டு ஒதுங்க நேரமில்லை. கொஞ்ச தூரத்தில் நைட்டுகளை இழுத்து நிறுத்தி, வரிசை கட்டி, மறுபடி பாய்ந்தார்கள். சலாஹுத்தீனின் கொடியருகே ஒரு கட்டத்தில் 17 பேர்தான் மிஞ்சினார்கள் என்று பஹாவுத்தீன் எழுதுகிறார். முரசு மட்டும் நிற்கவில்லை.

ஆனால் அர்சூஃபைப் பெரிய வெற்றி என்று சொல்ல நான் தயாரில்லை. சலாஹுத்தீனின் படை சீக்கிரமே கூடிவிட்டது. ரிச்சர்டுக்கு யோப்பா கிடைத்தது, அவ்வளவுதான். ஹத்தீன் ஒரு ராஜ்யத்தையே விழுங்கியது. அர்சூஃப் ஒரு துறைமுகத்துக்குப் போகும் பாதை.

ரிச்சர்டை நியாயமாகக் கீயோடு நிறுத்த வேண்டிய இடம் அர்சூஃப் இல்லை, கடலை விட்டு உள்நாட்டுக்குள் போன பெய்த் நூபா. ஜெருசலேமிலிருந்து ஒரு நாள் நடைக்குள் இருக்கும் ஊர். 1192-ல் இரண்டு முறை அதுவரை வந்தார். இரண்டாவது முறை கோடைக்காலம். நகரைச் சுற்றியிருந்த கிணறுகளையும் தொட்டிகளையும் சலாஹுத்தீன் பாழாக்கி வைத்திருந்தார். ஃபிராங்கு முகாமில் நடந்த வாக்குவாதத்தை பஹாவுத்தீன் பதிந்திருக்கிறார். ஜெருசலேமுக்காகத்தானே வந்தோம் என்று ஒரு தரப்பு. தண்ணீர் எங்கே குடிப்பது என்று ரிச்சர்ட் கேட்டாராம். தெக்கோவாவில் ஓடை இருக்கிறதே என்றார்கள். குதிரைகளுக்கு எப்படிக் காட்டுவது? பாதிப் படை தண்ணீருக்குப் போகட்டும், பாதி காவல் நிற்கட்டும் என்றார்கள். போன பாதியை நகரத்திலிருந்து வந்து அடித்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, படையைக் கடற்கரைக்குத் திருப்பினார்.