ஒட்டுண்ணி எறும்பு, இறக்கையில்லாத குளவி, ஒரு 10 மடங்கு லென்ஸ்

பூச்சி பார்க்க லென்ஸ் வாங்குவதாக இருந்தால் 10 மடங்கு பெரிதாக்கும் மடிப்பு லென்ஸே போதும், 30 மடங்கு, 40 மடங்கு என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவ்வளவு பெரிதாக்கினால் பார்வைக்குள் வரும் இடம் சுருங்கிவிடும், வெளிச்சமும் போதாது, பூச்சியின் எந்தக் காலைப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

என் லென்ஸை அமேசான் எறும்பு என்ற ஒட்டுண்ணி எறும்பு, வெல்வெட் எறும்பு இரண்டின் காய்ந்த மாதிரிகளில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது எறும்பே இல்லை, ரோமம் போர்த்திய இறக்கையில்லாத பெண் குளவி. லென்ஸில் பார்த்தால் சந்தேகமே வராது: எறும்பின் உணர்கொம்பில் முதல் கணு நீளமாகப் போய்ச் சட்டென்று மடங்குகிறது, இடுப்பில் ஒரு மேடு தனியாக நிமிர்ந்து நிற்கிறது. என்னிடமிருந்த குளவிக்கு இரண்டுமே இல்லை. ரோமத்துக்கு அடியில் ஓடு முழுக்கக் குழி குழியாக இருக்கிறது. குத்தப்போனால் ஊசியே வளையும் அளவுக்குக் கெட்டி.

ஆனால் நான் ரொம்ப நேரம் பார்த்தது அமேசான் எறும்பின் தாடையைத்தான். அரிவாள் மாதிரி வளைந்து மெலிந்திருக்கிறது. சண்டைக்குச் சரி, மற்ற எதற்கும் உதவாது. அதனால் வேறு எறும்புக் கூட்டில் புகுந்து கூட்டுப்புழுக்களைத் தூக்கி வருகிறது, அதிலிருந்து வெளிவரும் எறும்புகள்தான் எல்லா வேலையும் செய்கின்றன, வாயில் ஊட்டுவது உட்பட. பூச்சி ஆய்வாளர் பியேர் ஹூபர் அமேசான் எறும்புகளில் 30ஐ உணவோடு தனியே அடைத்துப் பார்த்திருக்கிறார். பக்கத்திலேயே தீனி இருந்தும் பல பட்டினியில் செத்தன. அப்புறம் அப்படித் தூக்கி வந்து வளர்ந்த ஒரே ஒரு வேலைக்கார எறும்பை உள்ளே விட்டதும் அது மிச்சமிருந்தவற்றுக்கு ஊட்டிக் காப்பாற்றியது. 1810இல் எழுதியது இது. வெல்வெட் எறும்பு என்கிற அந்தக் குளவியும் ஒட்டுண்ணிதான், ஆனால் இந்த அளவுக்குப் போகவில்லை. மண்ணுக்குள் இருக்கும் தேனீ, குளவிக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அதன் புழு அங்கே வளரும் குஞ்சைத் தின்று தீர்க்கும்.

குறைகளும் உண்டு. தாடையின் உள்விளிம்பில் உள்ள பொடிப் பற்களை 10 மடங்கில் எதிர்பார்க்க வேண்டாம். பொருளை இரண்டரை சென்டிமீட்டர் கிட்டத்தில் வைத்தால்தான் தெளிவு. உயிருள்ள வெல்வெட் எறும்பு ஒரு நொடி நிற்காது, கையில் பிடித்தால் கொட்டும், கொட்டினால் உயிர் போய் உயிர் வரும். கண்ணாடிக் குப்பியில் விட்டு, மூடிவிட்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு குப்பியைக் கிட்டே கொண்டுவாருங்கள்.