ஸோட்டேரோ: மாஸ்டர்ஸ்ல இருந்து பிஎச்டி வரைக்கும் ஓட்டுன அனுபவம்

கோலாலம்பூர்ல பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் சேந்தப்ப இன்ஸ்டால் பண்ணது, இப்ப பிஎச்டி கடைசி சாப்டர் வரைக்கும் அதே லைப்ரரிதான். ஸோட்டேரோன்னா ஆராய்ச்சிக் கட்டுரைங்கள சேத்து வெச்சு, ரெஃபரன்ஸ் லிஸ்ட் போட்டுக் குடுக்குற ஃப்ரீ சாஃப்ட்வேர், 2006ல இருந்து இருக்கு. பிரவுசர்ல இருக்குற பட்டன ஒரு அமுக்கு அமுக்குனா பேப்பர் பிடிஎஃப்போட உள்ள வந்துரும், ரெஃபரன்ஸ் எழுதுற ஸ்டைல ஏபிஏல இருந்து வான்கூவருக்கு மாத்துறதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. இத எல்லாரும் சொல்லுவாங்க.

எனக்குப் புடிச்சது வேற. ஜர்னல் ஒரு பேப்பர ரிட்ராக்ட் பண்ணிட்டா, அதாவது வாபஸ் வாங்கிட்டா, 2019ல இருந்து இது சிவப்புல காட்டிக் குடுக்குது, வாபஸ் ஆன பேப்பருங்கள பட்டியல் போடுற ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸோட ஒத்துப் பாக்குது. எங்க லேப்ல ஒரு தங்கச்சி கோவிட் பத்தி எழுதிக்கிட்டு இருந்தா, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பத்தி 2020 மே மாசம் லான்செட் ஜர்னல்ல வந்த பெரிய ஸ்டடி, அத லைப்ரரியில போட்டதுமே மேல சிவப்புப் பட்டை. மூல டேட்டாவ வெளி ஆளுங்க ஆடிட் பண்ண முடியலன்னு ஜூன்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. பிடிஎஃப்ப நண்பர்கிட்ட வாங்கிப் படிக்கிறவங்களுக்கு இது எங்க தெரியப் போகுது? அப்படி ஒரு பேப்பரப் பத்தி பேசியே ஆகணும்னா வாபஸ் ஆனதுன்னு சொல்லித்தான் ரெஃபரன்ஸ் குடுக்கணும்.

கடுப்பேத்துறது நம்ம பேரு. கவிதா ஏ/பி முருகன்னு (ஏ/பின்னா மலாய்ல ‘மகள்’) ஒருத்தங்க எழுதியிருந்தா, இது முருகன குடும்பப் பேருன்னு நெனச்சுக்கிட்டு ரெஃபரன்ஸ்ல அப்பாவ முன்னாடி நிறுத்திரும், ஏ, பி வேற இனிஷியலா ஒட்டிக்கும். எழுதுனது மகள், பேரு வாங்குறது அப்பா! ‘பின்’ (மகன்), ‘பிந்தி’ (மகள்) போட்ட மலாய் பேருக்கும் இதே கததான். நான் ஒவ்வொண்ணா தொறந்து லாஸ்ட் நேம் பெட்டியில கவிதா, ஃபர்ஸ்ட் நேம்ல முருகன்னு கையால மாத்தி வெப்பேன். சலிப்பான வேலைதான், ஆனா ஆராய்ச்சி பண்ண ஆளுக்குப் போக வேண்டிய கிரெடிட் அது, விட முடியாதுல்ல.

ஃப்ரீயா குடுக்குற ஆன்லைன் ஸ்டோரேஜ் 300 எம்பி சீக்கிரம் நெரம்பிரும், நான் பிடிஎஃப் சிங்க்க ஆஃப் பண்ணிட்டு ஹார்ட் டிஸ்க்ல வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு, அந்த சிவப்புப் பட்டை டிஓஐயோ (பேப்பருக்குக் குடுக்குற நிரந்தர அடையாள எண்) பப்மெட் (மருத்துவக் கட்டுரை டேட்டாபேஸ்) நம்பரோ இருக்குற பேப்பருக்குத்தான் வரும். நம்ம ஊரு மாநாட்டு மலர்ல வர்ற தமிழ்க் கட்டுரைக்கெல்லாம் ரெண்டும் இருக்காது, பட்டை வரலன்னா பேப்பர் சுத்தம்னு நெனச்சுக்காதீங்க லா.