நெல் டிரையருக்குள் லுவா: பல சாகுபடிப் பட்டம் ஓட்டிய அனுபவம்

குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு வந்து சேரும். சம்பா நெல் தை, மாசி வெயிலில் வரும். அதனால் மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து அரவை ஆலைகளில் டிரையர் ஓட்டும் கணக்கு பட்டத்துக்குப் பட்டம் மாறும். எங்கள் அமைப்பில் சென்சார், ரிலே, சூட்டின் உச்சவரம்பு மூன்றும் சி மொழி நிரலில். எந்த ஈரப்பதத்தில் சூட்டைக் குறைப்பது, எப்போது நெல்லை ஆறப்போடுவது என்பதெல்லாம் அதற்குள்ளே பொதித்த லுவா 5.4 என்ற சிறு ஸ்கிரிப்ட் மொழியில். கணக்கு மாறினால் ஸ்கிரிப்டை மாற்றினால் போதும், மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். இந்த ஏற்பாடு நன்றாகவே நிலைத்துவிட்டது. தொல்லையெல்லாம் இரண்டும் சந்திக்கும் வரப்பில்தான்.

முதல் தொல்லை ஸ்டேக், அதாவது சி-யும் லுவாவும் மதிப்புகளைக் கைமாற்றிக்கொள்ளும் அடுக்கு. சி பக்கம் 20 இடங்களுக்குத்தான் உத்தரவாதம். நிரல் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மதிப்பை எடுக்காமல் விட்டால் போதும், வரம்பு தாண்டி வேறெங்கோ நினைவகம் கெடும். சம்பந்தமே இல்லாத இடத்தில் நிரல் விழும். சுற்றின் தொடக்கத்தில் கெட்டாப் (lua_gettop) போட்டு அடுக்கின் உயரத்தைக் குறிப்பதையும், முடிவில் செட்டாப் (lua_settop) போட்டு அதே உயரத்துக்குக் கொண்டுவருவதையும் வழக்கமாக்குங்கள். சோதனைக்கான பில்டில், இந்த வரம்பு மீறலைப் பிடிக்கும் ஏபிஐ செக்கையும் போட்டுவிடுங்கள்.

ஸ்கிரிப்டை எப்போதும், பிழையைப் பிடித்துத் திருப்பிச் சொல்லும் பி-கால் (lua_pcall) வழியாகவே அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பிழைக்கும் மொத்த நிரலும் அபார்ட் ஆகும், அதாவது அங்கேயே நின்றுவிடும். ரிலே இருந்த நிலையிலேயே நிற்க, பர்னர் எரிந்துகொண்டிருக்கும். பி-கால் பிழை சொன்னால் முதல் வேலை பர்னரை அணைப்பது. தனித் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இன்னொன்று: லுவா பிழை லாங்ஜம்ப்பாக, இடையிலுள்ள சி வரிகளை விட்டுத் தாவுவதால், நடுவில் சி எடுத்த நினைவகமும் பூட்டும் விடுபடாது.

கண்ணில் படாத பிழைக்கு ஓர் உதாரணம். ஈரப்பதத்தைத் திரையில் காட்ட ஸ்ட்ரிங் ஃபார்மட்டில் முழு எண் குறியீடு (%d) போட்டால் 14.0-க்கு ஓடும், 14.3-க்குப் பிழை. மேசையில் முழு எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்தால் இது சிக்காது.

முடிவில்லாச் சுழலுக்கு, ஒரு லட்சம் கட்டளைக்கு ஒருமுறை எழுந்து, ஸ்கிரிப்டை நிறுத்த வழி தரும் கவுன்ட் ஹூக் போதும். ஆனால் சி ஃபங்ஷனுக்குள் மாட்டினால் ஹூக் எழாது. சிக்கலான பேட்டர்னோடு ஸ்ட்ரிங் தேடல் அப்படி மாட்டக்கூடியது. நிரல் உறைந்தால் கருவியை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாகைத் தட்டும் வேலை சி-யின் முதன்மைச் சுழலில்தான் இருக்க வேண்டும்.

சிஸ்டத்தையும் கோப்புகளையும் தொடும் ஓஎஸ், ஐஓ நூலகங்களை ஸ்கிரிப்டுக்குத் திறக்க வேண்டாம். முன்பே கம்பைல் செய்த பைட்கோடை மறுத்து டெக்ஸ்ட்டை மட்டும் ஏற்றுங்கள்: 5.3-இன் பைட்கோடு 5.4-இல் ஓடாது, சிதைந்த பைட்கோடு நிரலையே வீழ்த்தும். கரண்ட் போகிற ஊர் என்பதால் புது ஸ்கிரிப்டை வேறு பெயரில் முழுதாக எழுதி, தனி ஸ்டேட்டில் (தனியான லுவா சூழலில்) ஏற்றி, மாதிரி அளவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தபிறகே பெயர் மாற்றுங்கள். தவறினால் பழையதே ஓடட்டும்.